கிரேன் ஆபரேட்டர் சான்று: வேலையை விட்டால் எந்தக் கார்டு செல்லாது?

[திரையில்: உயர எழும் பூம் (கிரேனின் நீண்ட கை), நுனியில் ஆடும் லோடு]

அமெரிக்காவில் 5 வருஷம் செல்லும் ஒரு தகுதிச் சான்று. தேதி இன்னும் முடியவில்லை. ஆனால் கம்பெனியை விட்டு விலகினால், அதைக் காட்டி வேறு எங்கேயும் கிரேனில் ஏற முடியாது! மோசடி இல்லை, விதியே அப்படித்தான். அது எந்தச் சான்று, அதற்குப் பதிலாக எதை எடுப்பது என்பதுதான் இந்த வீடியோ. வணக்கம் நண்பர்களே!

வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுவோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கட்டுமானக் கிரேன்களுக்கான புது விதியை 2010-ல் கொண்டுவந்தது. ஆபரேட்டர் சான்றுக்கான 2014 கெடு இரண்டு முறை தள்ளிப்போய், 2018 நவம்பரில்தான் கட்டாயமானது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனியே தேர்வு நடத்தி, அதை வெளியாள் தணிக்கை செய்து தரும் தகுதி ஒன்று உண்டு. தொடக்கத்தில் சொன்னது இதுதான். அந்தக் கம்பெனியில் இருக்கும்வரைதான் செல்லும். நியூயார்க் போன்ற நகரங்கள் தரும் லைசென்ஸ் அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடும். அங்கீகாரம் பெற்ற தேர்வு அமைப்பின் கார்டு அப்படியில்லை, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். 1995-ல் தொடங்கிய என்.சி.சி.சி.ஓ., அப்புறம் சி.ஐ.சி., என்.சி.சி.இ.ஆர். இவையெல்லாம் அந்த வகை. வாழ்நாள் முழுக்க ஒரே கம்பெனி என்று யாரும் உறுதி தர முடியாது, அதனால் நான் சொல்வது இந்த வழியைத்தான்.

இதற்குள்ளும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சில கார்டுகள் கிரேனின் வகையை மட்டும் சொல்லும். சில, எத்தனை டன் வரை என்பதையும் சேர்த்துச் சொல்லும். 2010 விதி இரண்டையும் கேட்டது. என்.சி.சி.சி.ஓ. வகையை மட்டுமே பார்த்துச் சான்று தந்துவந்தது. கெடு தள்ளிப்போனதற்கு இந்த இழுபறிதான் பெரிய காரணம். கடைசியில் 2018-ல் வகை மட்டும் இருந்தாலும் சரி, டன்னும் சேர்ந்து இருந்தாலும் சரி என்று திருத்தினார்கள். டன் வரம்பு போட்ட கார்டு என்றால், நாளை பெரிய கிரேன் ஏறும்போது மறுபடி தேர்வு எழுத நேரலாம். அதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, செய்முறைத் தேர்வு!

[திரையில்: கம்பங்கள் நட்ட வளைவுப் பாதையின் வரைபடம்]

என்.சி.சி.சி.ஓ.வின் மொபைல் கிரேன் தேர்வில் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை ஒன்று உண்டு. தொங்கும் எடையை அதற்குள் முன்னே கொண்டுபோய், அதே வழியில் பின்னே கொண்டுவர வேண்டும். கம்பத்தில் இடித்தால் மதிப்பெண் போகும். கொக்கிக்கு மேலே இருக்கும் கனத்த இரும்பு உருண்டையை ஒரு பீப்பாய்க்குள் இறக்குவதும் உண்டு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பூமை நிறுத்தினால் பூம்தான் நிற்கும், கயிற்றில் தொங்கும் எடை ஊஞ்சல் போலத் தொடர்ந்து ஆடும். அனுபவசாலி அதை எப்படி அடக்குகிறார் தெரியுமா? எடை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே பூமையும் கொண்டுபோகிறார்! எடை ஆட்டத்தின் எல்லைக்கு வந்து ஒரு கணம் நிற்கும்போது, பூம் நுனி நேர் மேலே வந்து நிற்கிறது. ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும். கயிறு நீளமாக இருந்தால் ஆட்டம் மெதுவாக வரும், குட்டையானால் வேகமாக வரும், கையும் அதற்கேற்ப மாற வேண்டும். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. அதனால் பயிற்சிப் பள்ளி தேடும்போது, வகுப்பறை எத்தனை மணி நேரம் என்பதைவிட சீட்டில் உட்கார்ந்து லீவரைப் பிடிக்க எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று: பயிற்சிப் பள்ளி தரும் "பயிற்சி முடித்தார்" என்ற தாள் சான்று அல்ல. கார்டில் எந்தத் தேர்வு அமைப்பின் பெயர் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணமா? ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குச் சான்றுச் செலவு முதலாளியுடையது, விதியிலேயே இருக்கிறது. உங்களிடம் வசூலிக்கக் கூடாது. கார்டு வந்த பிறகும், நீங்கள் ஓட்டப்போகும் கிரேனை ஓட்டவைத்துப் பார்த்து, அதை அவர் பதிவுசெய்ய வேண்டும்.

நீங்கள் ஓட்டுவது டவர் கிரேனா, கிராலரா? கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில் லோடு சார்ட், அதாவது எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணையைப் படிப்பதைப் பார்ப்போம், சப்ஸ்கிரைப் செய்துவையுங்கள்.