பீட்டில்ஸும் ஒரு மஸ்கட் கேசட்டும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, நூலகப் பணியை ஒரு வேண்டுதல் போல நடத்திவரும் நூலகர் அம்மா அவர்களே, வெளியூரில் கூட்டம் இருந்தும் நமக்காக மாலையை ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு ஆங்கில எழுத்து சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் வாடகை வாங்காமல் போட்டுக்கொடுத்த அண்ணன் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் வர வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘பீட்டில்ஸ் ரசிகர்கள் ஏன் ஆரம்பகாலப் பாட்டையே தேடுகிறார்கள்?’ பீட்டில்ஸ் என்பது 1960-களில் உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நான்கு பேரைத்தான் உலகம் அறியும். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். அந்த ஆரம்பப் பாட்டுகளில் என்ன இருந்தது, அது ஒன்று. அவை நம் காலம்வரை எப்படித் தப்பி வந்தன, அது இரண்டு. பிற்காலப் பாட்டுகள் அவற்றைவிட உயர்வா தாழ்வா, அது மூன்று.

நம் ஊரில் ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பார்கள். என் பாட்டி ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்வார். இன்று நானும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே மேத்யூ தெருவில் ஒரு பழக்கிடங்கின் அடியில் நிலவறை. அதில் 1957-இல் ஒரு ஜாஸ் கிளப் திறந்தார்கள். பெயர் கேவர்ன், குகை என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற இடம்தான். செங்கல் வளைவுகள், காற்றோட்டம் கிடையாது, கூட்டம் கூடிவிட்டால் சுவரில் வியர்வை போல நீர் வழியும். 1961 பிப்ரவரியில் அங்கே பீட்டில்ஸ் வாசிக்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் பெண்களும் கடைப் பையன்களும் ஓடிவந்து கேட்டுவிட்டு, உடுப்பில் குகை வாசனையோடு வேலைக்குத் திரும்புவார்களாம். 1963 ஆகஸ்ட் 3 கடைசி நாள். கேவர்ன் தரப்பில் சொல்லும் கணக்குப்படி மொத்தம் 292 முறை.

அதற்கு முன்னால் ஜெர்மனியில் ஹாம்பர்க். 1960 ஆகஸ்டில், அப்போது குழுவில் இருந்த ஐந்து பையன்கள் போய் இறங்கினார்கள். தங்க இடம் என்று கொடுத்தது ஒரு சினிமாக் கொட்டகையின் பின்பக்கம், கழிப்பறைக்கு அடுத்த அறை. ராத்திரி பூராவும் வாசிக்க வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனால் ஒரே பாட்டை இழுக்க வேண்டும். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது பதினேழு வயது. வயது பற்றாது என்று நவம்பரில் போலீஸ் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதம் அவர்களை உருக்கி வார்த்துவிட்டது. டிசம்பர் கடைசியில் லிவர்பூல் பக்கம் லிதர்லண்ட் டவுன் ஹாலில் ஏறினபோது, நேற்றுவரை பார்த்த பையன்களா இவர்கள் என்று கூட்டம் மேடையை நோக்கி நெருக்கியது.

பழசை நினைத்து ஏங்குவது குழு கலைந்த பிறகு வந்தது என்று நினைக்கிறோம். இல்லை. லிவர்பூலில் அது 1962-லேயே வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் டிரம் வாசித்த பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோவை எடுத்தார்கள். கேவர்னில் கூச்சல். சில நாளில் கிரானடா தொலைக்காட்சி அங்கே வந்து படம் பிடித்தது. இன்றும் அதைப் பார்க்கலாம். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு குரல் ‘பீட் வேண்டும்’ என்று கத்துகிறது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர்களுடைய ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்று கேவர்னில் அறிவித்தபோது யாரும் கைதட்டவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. இனி இவர்கள் நம்மவர்கள் இல்லை. நம் தெருப் பிள்ளைக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைத்தால் நமக்கு வருகிற அதே சந்தோஷம், அதே வயிற்றெரிச்சல். அதை நான் குறையாகவே பார்க்கவில்லை. முளையைப் பார்த்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

சரி, அந்தப் பாட்டுகளில் என்னதான் இருந்தது? ஒரே உதாரணம் போதும். 1963 பிப்ரவரி 11, லண்டன் அபே ரோட்டில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து இரவு பதினொன்று ஆவதற்குள் பத்துப் பாட்டு. ஒரே நாள்! முதல் ஆல்பத்தில் பெரும்பங்கு அன்றைக்குப் பிடித்ததுதான். ஜான் லெனனுக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது. பாலும் தொண்டை மிட்டாயுமாக நாளை ஓட்டினார். ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ தொண்டையைக் கிழிக்கிற பாட்டு என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். ஒரே தடவை பாடினார். இரண்டாவது தடவை முயன்றபோது குரல் இல்லை. நாம் கேட்பது அந்த முதல் தடவைதான். எத்தனை கோடி செலவழித்தாலும் அந்தக் கிழிசலை இன்னொரு முறை உண்டாக்க முடியாது. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று பால் மெக்கார்ட்னி எண்ணுவதோடு தொடங்கும். வெட்டி எறிந்திருக்க வேண்டிய சத்தம் அது. வெட்டவில்லை, வேறொரு தடவை வாசித்ததிலிருந்து எடுத்து ஒட்டியே வைத்தார்கள். அதைக் கேட்டால் அந்த அறைக்குள் நாமும் நிற்கிறோம். ரசிகன் தேடுவது அதைத்தான்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் மனம் பூராவும் இதில்தான் இருக்கிறது.

தங்கள் மிகச் சிறந்த வாசிப்பு பதிவாகவே இல்லை, அது லிவர்பூல், ஹாம்பர்க் மேடைகளோடு போய்விட்டது என்று லெனன் 1970-இல் ஒரு பேட்டியில் சொன்னார். பதிவானதாவது பத்திரமாக இருந்ததா? பிபிசி வானொலிக்கு மட்டும் 1962 முதல் 1965 வரை 88 பாட்டுகளை 275 முறை வாசித்திருக்கிறார்கள். அதில் 36 பாட்டுகள் அன்று எந்த இசைத்தட்டிலும் வராதவை. அந்த ஒலிநாடாக்களில் பெரும்பாலானவற்றை அழித்து, மேலேயே வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள். நாடா விலை அதிகம், வைக்க இடமில்லை, பழசு யாருக்கு வேண்டும் என்ற எண்ணம். 1994-இல் பிபிசி பதிவுகளை ஆல்பமாகக் கொண்டுவர நினைத்தபோது, சில பாட்டுகளுக்கு நேயர்கள் வீட்டில் ரேடியோவிலிருந்து பிடித்துவைத்த நாடாக்கள்தான் கைகொடுத்தன. யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பிள்ளை, ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்த புண்ணியம்!

ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் 1962 டிசம்பர் கடைசியில் வாசித்தது நம்மிடம் இருக்கிறதென்றால், அதுவும் வீட்டு உபயோக கிரண்டிக் ரெக்கார்டரில் ஒரே மைக் வைத்துப் பிடித்தது. மட்டமான பதிவு என்று ஹாரிசனே பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். மட்டமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாம்பர்க் மேடை எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமானால் அதுதான் வழி. அதற்கும் முன்னால், 1958-இல், லிவர்பூலில் ஒரு வீட்டின் பின்னறையில் ஒருவர் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். ஜான், பால், ஜார்ஜ், டிரம் வாசித்த பையன், பியானோ வாசித்த பையன், ஐந்து பேரும் போய்க் காசு கொடுத்து இரண்டு பாட்டு பதிந்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு தட்டு. வாரத்துக்கு ஒருவராக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். கடைசியில் பியானோ வாசித்தவரிடம் போனது, அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் தங்கிவிட்டது. 1981-இல் பால் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். 1995-இல்தான் உலகம் கேட்டது. விளையும் பயிர் முளையிலே தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முளையை யாராவது ஒருவர் அலமாரியில் வைத்திருந்தால்தானே தெரியும்?

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. தலைமையாசிரியர் ஐயாவுக்கு இதில் பாதி தெரியும்.

1987-இல் நான் பிளஸ் ஒன். அப்பா மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். கடிதம் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது, கேசட்டில் பேசி அனுப்புவார். விடுமுறையில் ஊர் திரும்புகிற யாராவது சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு கேசட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேராவது இருப்பார்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் நடுவில் இருக்கும். அப்பா ஒவ்வொருவர் பேராகச் சொல்லிப் பேசுவார். ‘சித்தி, கால் வீக்கம் குறைஞ்சுதா?’ என்று கேட்டால், என் சின்னப் பாட்டி டூ இன் ஒன்னைப் பார்த்து ‘குறைஞ்சிருச்சுய்யா’ என்று பதில் சொல்வார். கேட்டு முடித்ததும் அம்மா கொண்டை ஊசியால் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடுவார். காது இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, யாரும் மேலே பதிய முடியாது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

அந்த வருடம்தான் மாடி வீட்டு அண்ணன் எனக்கு பீட்டில்ஸைக் காட்டினார். எல்லாம் ஆரம்பகாலப் பாட்டு. எனக்குப் பைத்தியம் பிடித்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் சென்டரில், லிஸ்ட் எழுதிக்கொடுத்தால் பதிந்து தருவார்கள். பதிவுக்கூலி 15 ரூபாய், காலி கேசட்டுக்குத் தனிப் பணம். கூலிக்கு இருந்தது, கேசட்டுக்கு இல்லை. அலமாரியில் அப்பாவின் கேசட்டுகள் ஆறோ ஏழோ இருந்தன. ஒன்றை எடுத்தேன். காது உடைந்திருந்த பள்ளத்தில் செலோடேப் ஒட்டினேன். ஒட்டிவிட்டால் பட்டன் அமுங்கும், அது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த அத்தைக்குப் போட்டுக்காட்ட அம்மா அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தார். நான் கூடத்தில்தான் இருந்தேன். தண்ணீர் சொம்போடு அத்தை கீழே உட்கார்ந்தார். அம்மா பட்டனை அமுக்கினார். மவுத் ஆர்கன் சத்தம் வந்தது, ‘லவ் மீ டூ’. அம்மா பக்கத்தைத் திருப்பிப் போட்டார். அதிலும் பாட்டு. கேசட்டை வெளியே எடுத்து, அந்த செலோடேப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ‘அடுப்புல பால் இருக்கு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அப்பா 2003-இல் தவறினார். மற்ற கேசட்டுகளை எடுத்துப் பார்த்தோம். வீடு ஒழுகின ஒரு மழைக்காலத்தில் நனைந்து பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசவில்லை. நான் கெடுத்த கேசட் மட்டும் என் மேசையில் இருந்ததால் தப்பித்திருந்தது. அதில் கடைசிப் பாட்டு முடிந்து, ‘டக்’கென்று ஒரு சத்தம். கடைக்காரர் பட்டனை நிறுத்தின இடம். அதற்குப் பிறகு அவர் அழிக்காமல் விட்ட நாற்பது விநாடி. ‘மோட்டார் ரூம் சாவி ஒண்ணு சித்திகிட்ட இருக்கட்டும். பெரியவன் சைக்கிளுக்கு டயர் மாத்தணும்னான், மாத்திக்கட்டும். இங்க வெயில் கொஞ்சம் தணிஞ்சிருக்கு. அப்புறம்...’ அவ்வளவுதான், நாடா தீர்ந்துவிடுகிறது.

அந்தப் பெரியவன் நான்தான். பீட்டில்ஸ் பாட்டு எத்தனை ஆயிரம் வீட்டில் இருக்கிறது! இந்த நாற்பது விநாடி ஒரே வீட்டில்தான் இருக்கிறது.

மன்னிக்கவும். மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதே பெரிய மரியாதை. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

2023 நவம்பரில் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு என்று ஒன்று வந்தது, ‘நவ் அண்ட் தென்’. 1980-இலேயே இறந்துபோன லெனனின் குரல் அதில் எங்கிருந்து வந்தது? அவர் நியூயார்க்கில் தன் வீட்டில், பியானோவுக்கு மேல் சாதாரணக் கேசட்டில் பதிந்துவைத்தது. 1990-களில் எடுத்துப் பார்த்தபோது பியானோ சத்தத்தில் குரல் அமுங்கிக் கிடந்தது, கைவிட்டார்கள். குரலைத் தனியாகப் பிரிக்கும் கணினி நுட்பம் வந்த பிறகு முடிந்தது. கேசட் இருந்ததால் நுட்பம் பயன்பட்டது. கேசட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் எந்த நுட்பம் வந்து என்ன? கேவர்னை 1973-இல் மூடி, சுரங்க ரயிலுக்குக் காற்றுத்துளை வேண்டும் என்று இடித்து நிரப்பினார்கள். அந்தத் துளை அங்கே வரவே இல்லை. 1984-இல் பழைய செங்கல் பதினைந்தாயிரத்தை வைத்து மறுபடி கட்டினார்கள். செங்கல்லை அடுக்கிவிடலாம். குரலை அப்படிச் செய்ய முடியாது.

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நம் ஊர் வீடுகளில் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்க, இந்தக் கட்டடத்தின் மாடியில் பழைய நாளிதழ் கட்டிவைத்திருக்கும் அறையில் ஒரு மூலையை எங்களுக்குத் தாருங்கள். ஒரு மேசை, இரண்டு பிளக் பாயின்ட், அலமாரிக்கு ஒரு பூட்டு. கேசட் டெக் இரண்டு வாசகர் வட்டத்திடம் இருக்கிறது. கணினியை வார்டு உறுப்பினர் போன வாரமே ஒத்துக்கொண்டுவிட்டார், மேடையில் சொல்லிவிட்டேன், இனி அவரால் மாற முடியாது. கடைசி வரிசையில் இருக்கும் பொறியாளர் ஐயா டெக்கைப் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐயா, ஒருமுறை எழுந்து நில்லுங்கள். எல்லாரும் கைதட்டுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பேச்சு, கோயில் கொடையில் வில்லுப்பாட்டு, பாட்டியின் ஒப்பாரி, முதல் பாட்டைப் பாடிப் பார்த்த பிள்ளையின் குரல். அந்தப் பிள்ளை பெரிய பாடகராக வராமலே போகட்டும். விளையும் பயிர் மட்டும்தான் முளையா?

அறுபது நிமிடக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற அறுபது நிமிடம் ஆகும், சுருக்குவழி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வேண்டும். பதினைந்து பேர் கிடைத்தால் சமாளிக்கலாம். கேசட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும், அப்படியே கொண்டுவாருங்கள். காது உடையாமல் இருந்தால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். உறையில் யார் பேசியது, எந்த வருடம் என்று பென்சிலில் எழுதுங்கள். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் என் மகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் அம்மா பெயரை நானே எழுதிவிட்டேன்.