கரி அடுப்பு முதலில், ராமென் கடைசியில்: ஃபுகுவோகா யதாயில் சாப்பிடுவது எப்படி?

[காட்சி: ஆற்றங்கரை, வரிசையாக விளக்கு எரியும் சின்னச் சின்னக் கடைகள், புகை]

ஜப்பானில் சுட்ட இறைச்சியும், ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்பும் ஒரே இடத்தில் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது ஃபுகுவோகாதான். நாகாசு, தென்ஜின், நாகஹாமா பகுதிகளில் சாயங்காலம் ஆனதும் தெருவோரத்தில் யதாய் என்கிற தள்ளுவண்டிக் கடைகள் முளைத்துவிடும். பத்துப் பேர் உட்கார்ந்தால் இடம் நிறைந்தது, முழங்கை இடிக்கும், கடைக்காரர் உங்கள் முகத்துக்கு நேராக நின்று சுடுவார், பக்கத்தில் இருப்பவர் தானாகவே பேச்சுக் கொடுப்பார். அமைதியாக உட்கார்ந்து பேச நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

உட்காருவதற்கு முன்னால் ஒரு விஷயம்: கடைக்குள் கழிப்பறை கிடையாது. போய்விட்டு வந்து உட்காருங்கள். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டும் வராதீர்கள், வைக்க இடமே இருக்காது.

[காட்சி: கரி அடுப்பின் மேல் குச்சிகள்]

சரி, ஆர்டருக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். இங்கே எந்தச் சாப்பாட்டுக்கும் ஆயுள் குறைவு. குச்சியில் இருக்கிற கோழித்தோல் மொறுமொறுப்பாக இருப்பது கொஞ்ச நேரம்தான், ஆறினால் கொழுப்பு உறைந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு மூன்று குச்சி சொல்லுங்கள், சாப்பிடுங்கள், அப்புறம் அடுத்தது.

எதைச் சொல்வது? தொடைக்கறி மோமோ, கறிக்கு நடுவே வெங்காயத்தாள் செருகிய நெகிமா, கொத்துக்கறி உருண்டையான சுகுனே, இவை எங்கும் கிடைக்கும். ஆனால் ஃபுகுவோகாவுக்கு வந்துவிட்டு தோரிகாவாவை விடக்கூடாது. கோழியின் கழுத்துத் தோலைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இறுக்கி, சுட்டு, ஆறவைத்து, மறுபடி சுடுவார்கள். கொழுப்பெல்லாம் வடிந்து வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. குச்சியில் செருகிச் சுடும் யாகிடோரி என்றால் கோழி என்றுதான் நினைப்போம், இந்த ஊரில் அந்தப் பட்டியலில் பன்றி வயிற்றுக்கறியும் சேர்த்தி. உப்பா, தாரேயா என்று கேட்பார்கள். தாரே என்பது சோயா சாஸ், மிரின் என்கிற இனிப்பு அரிசி மது, சாகே என்கிற அரிசி மது, சர்க்கரை சேர்ந்த கெட்டிக் குழம்பு. மது வேண்டாம் என்பவர்கள் உப்பு என்றே சொல்லிவிடுங்கள். தோலுக்கு உப்பு, ஈரலுக்குத் தாரே, இது என் கட்சி.

யாகிடோரிக் கடைகளில் குச்சிக்கு முன்னால் பச்சை முட்டைக்கோஸ் துண்டுகள் வினிகர் சாஸோடு வரும். அதை ஒதுக்காதீர்கள், கொழுப்புக்கு நடுவில் வாயைத் துடைத்துவிடுவது அதுதான்.

[காட்சி: கொதிக்கும் பெரிய பானை, வெள்ளைச் சாறு]

இப்போது ராமென். பக்கத்து ஊரான குருமேயில் 1937-இல் ஒரு யதாயில்தான் பன்றி எலும்பு ராமென் பிறந்தது என்கிறார்கள். எலும்பைப் பல மணி நேரம் கொதிகொதி என்று கொதிக்கவிடும்போது கொழுப்பும் ஜெலட்டினும் தண்ணீரோடு கலந்து, சாறு பால் மாதிரி வெளுத்துவிடுகிறது. சைவர்களுக்கும் பன்றி சாப்பிடாதவர்களுக்கும் இங்கே வழி குறைவுதான், காய்கறி ராமென் என்று எழுதியிருந்தாலும் சாறு எதில் செய்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நூடுல்ஸ் ஏன் இவ்வளவு மெல்லிசு? நாகஹாமா மீன் சந்தை ஆட்களுக்கு நிற்க நேரம் கிடையாது, மெல்லிய நூடுல்ஸ் சீக்கிரம் வேகும். ஆனால் சீக்கிரம் ஊறியும் போகும். அதனால்தான் ஆரம்பத்தில் கொஞ்சமாக வைத்துவிட்டு, தீர்ந்ததும் "கயேதாமா" என்றால் சூடாக இன்னொரு பிடி போடுவார்கள். அதுவரை சாற்றைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள், போட எதுவும் இருக்காது! எவ்வளவு வேகவேண்டும் என்றும் சொல்லலாம்: குறைவாக வெந்து விறைப்பாக வேண்டுமென்றால் "கத்தா", இன்னும் விறைப்பாக என்றால் "பரிகத்தா". உறிஞ்சிச் சத்தம் வரச் சாப்பிடுவது இங்கே தப்பே இல்லை, சூடும் அடங்கும், மணமும் ஏறும்.

பணம் கொடுக்கும்போது டிப்ஸ் வைக்க வேண்டாம், மிச்சத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ரொக்க யென் கையில் இருக்கட்டும். வெளியே வரிசை நிற்கிறது என்றால் சாப்பிட்டவுடன் எழுந்துவிடுங்கள், கணக்கைப் பங்கு பிரிப்பதை வெளியே போய் வைத்துக்கொள்ளலாம்.