ஒரு டிஎம்சியில் எத்தனை குடம்?

(சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, போன வருஷம் இந்த மேடைக்குக் கூரை போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே (அவரைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு, அவரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது), ஆசிரியர்களே, பெற்றோரே, கூரை எட்டாத இடத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'எல்லாப் பாடத்திலும் கணக்கு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் செய்ய வேண்டியது, பெற்றோர் செய்ய வேண்டியது என்று இரண்டு செய்தி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா கோழிக்கு நெல் போடும்போதுகூடச் சொல்லும்: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு." பள்ளிக்கூடம் போகாத மனுஷி. ஆனால் படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கையிலேயே இருந்தது. எட்டாம் வகுப்பு வந்த நம் பிள்ளை "எனக்குக் கணக்கு வராது" என்கிறது. உடனே கணக்கு ஆசிரியர் மேல் பழி போடுகிறோம். பழி மற்ற ஆசிரியர்களுக்கும் உண்டு, முதலில் எனக்கு. 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். பாடத்தில் எண் வந்தால் "அதைக் கணக்கு சார்கிட்ட கேட்டுக்கோ" என்று தாண்டிப் போனவன்.

தமிழ் வகுப்பில் கணக்கு இல்லையா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'அம்மா' என்று கூப்பிட மூன்றரை மாத்திரை. பின்னக் கூட்டல் அங்கேயே வந்துவிட்டது. விளையாட்டு நேரத்தில் ஓடி வந்த பிள்ளை 15 விநாடி நாடி பிடித்து நாலால் பெருக்கட்டும். (அந்த நேரத்தைக் கணக்கு ஆசிரியர்கள் கடன் வாங்காமல் இருந்தால்!)

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் நீர்வளம் நடத்திக்கொண்டிருந்தேன். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று வேகமாகப் படித்துக்கொண்டு போனேன். முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்தது. "சார், டிஎம்சின்னா எத்தனை குடம்?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அது ஒரு பெரிய அளவும்மா, உட்காரு" என்றேன். உட்காரவில்லை. "எவ்வளவு பெருசு சார்?" வகுப்பே என்னைப் பார்க்கிறது. அன்றைக்குப் பார்த்து மணியும் அடிக்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டிஎம்சி 100 கோடி கன அடி. ஒரு கன அடி 28 லிட்டரும் கொஞ்சமும். மறுநாள் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதற்குள் வீட்டுக் குடத்தை லிட்டர் பாட்டிலால் அளந்து வந்திருந்தது. 14 லிட்டர்! "ஒரு கன அடிக்கு ரெண்டு குடம் சார். அப்ப 200 கோடி குடம்." சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். கணக்கில் இரண்டு இலக்க மதிப்பெண்ணைப் பார்த்ததே இல்லை. அவன் எழுந்தான். "எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் குடம் சார். 20 கோடி நாளைக்கு வரும்." அதை 365-ஆல் வகுக்க வகுப்பே சண்டை போட்டது. ஏறக்குறைய ஐந்தரை லட்சம் வருஷம் என்று வந்தது. பையன் சொன்னான்: "அவ்வளவு நாள் நான் இருக்க மாட்டேன் சார். இன்னைக்குக் குழாயில தண்ணி வந்தாப் போதும்."

சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நம் ஊர்க் கண்மாய் எவ்வளவு பிடிக்கும் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? மேட்டூரை விடுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு ஏக்கரில் ஒரே ஒரு அடி வண்டலை எடுத்தால் 43,560 கன அடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்தப் பிள்ளையின் குடத்தில் 87,120 குடம். குடிமராமத்து என்று ஊரே கூடி வேலை பார்த்த காலத்தில் இதை அளக்க நம்மிடம் ஆள் இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளக்கச் சொன்ன ஊரில், கண்மாயை அளக்காமல் விட்டுவிட்டோம்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. "எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளை முன்னால் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

இப்போது தலைவரிடம் கோரிக்கை. கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி, கண்மாயின் புல வரைபடப் பிரதி ஒன்றும், ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் உள்ள பரப்பும் வாங்கிக் கொடுங்கள். பதிவேட்டில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், அதை ஏக்கராக்குவது பத்தாம் வகுப்பின் வேலை. அடிக்கணக்கில் கோடு போட்ட மூங்கிலால் ஆழம் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பு. பழைய கரைக்கும் இன்றைய கரைக்கும் எத்தனை அடி வித்தியாசம், அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று எழுதுவது தமிழ் ஆசிரியரின் பிள்ளைகள். யார் வீட்டுச் சுவர் நிற்கிறது என்று நான் மேடையில் சொல்லப் போவதில்லை, நாடா சொல்லும்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மடைப் பக்கம் வந்துவிடுங்கள். கயிறு, அளவு நாடா, தொப்பி கொண்டு வாருங்கள். டீ என் செலவு. எத்தனை பேர் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் எண்ணிச் சொல்லிவிடுங்கள்.