ஒரே ஆளை ஏன் ‘நீங்கள்’ என்கிறோம்?

[திரையில்: நீ, நீர், நீங்கள், தாங்கள்]

வணக்கம். நம்ம ஊரில் நிறைய வீடுகளில் இது நடக்கும், கவனித்திருப்பீர்கள். அம்மாவிடம் “நீ சாப்பிட்டியா?” என்று கேட்கிற பிள்ளை, அதே மூச்சில் அப்பா பக்கம் திரும்பி “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும். அம்மா ஒருமை, அப்பா பன்மை. அப்பா என்ன ரெண்டு பேரா?

ஒருவரைப் பலராக்கிப் பேசுவதுதான் தமிழில் மரியாதை. பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான், ஆங்கிலத்தில் இன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ‘யூ’கூட ஒரு காலத்தில் பன்மைதான். ஆனால் இது தமிழில் எப்போது வந்தது, யார் யாருக்குக் கிடைத்தது என்பது தனிக் கதை, அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தொல்காப்பியர். அவருடைய இலக்கண நூலில் கிளவியாக்கம் என்ற பகுதியில் ஒரு நூற்பா, “ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்” என்று ஆரம்பிக்கும். ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த ‘உயர்சொற் கிளவி’, அதாவது மரியாதைச் சொல், ஆனால் இலக்கணப்படி அது ‘சொல்லாறு அல்ல’ என்கிறார். அதாவது, மக்கள் அப்படிப் பேசுகிறார்கள், பேசட்டும், ஆனால் என் விதிக்குள் அது வராது. எனக்கு இந்த நூற்பா ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய இலக்கணக்காரரே தெருவில் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒத்துக்கொள்ளாமலும் மறைக்காமலும் எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள்.

சரி, அப்போது ராஜாவை எப்படிக் கூப்பிட்டார்கள்? ‘நீ’ என்றுதான்.

[திரையில்: புறநானூறு 91]

அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஔவையார் பாடிய பாட்டில் “மன்னுக பெரும நீயே” என்று வாழ்த்துகிறார். மரியாதை எல்லாம் ‘பெரும’ என்கிற விளியில் இருக்கிறது, ‘நீ’ வெறும் சுட்டுதான், அதில் உயர்வும் இல்லை தாழ்வும் இல்லை. பல நூற்றாண்டு கழித்து சுந்தரர் சிவனைப் ‘பித்தா’ என்று கூப்பிட்டு, கூடவே “உனக்கு ஆளாய்” என்கிறார். கடவுளே ஒருமையில்தான்.

அப்புறம் ‘நீங்கள்’ எங்கிருந்து வந்தது? பழந்தமிழில் பலரைப் பார்த்துச் சொல்ல நீயிர், நீவிர், நீர் என்று இருந்தன. அந்த ‘நீர்’ மெல்ல ஒரு பெரிய மனிதருக்கு மட்டும் சொல்லும் சொல்லாக மாறியது. ஒருவருக்கே ‘நீர்’ என்றாகிவிட்டால், நிஜமாகவே பத்துப் பேர் நின்றால் என்ன சொல்வது? அங்கேதான் ‘கள்’ உள்ளே வருகிறது. நாம் என்பதோடு கள் சேர்ந்து நாங்கள் ஆனதுபோல, பழைய ‘நீம்’ என்ற வடிவத்தோடு கள் சேர்ந்து நீங்கள்.

இந்தக் ‘கள்’ விகுதிக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது, அது கொஞ்சம் சிரிப்பு வரவழைப்பது. தொல்காப்பியர் அதை அஃறிணைக்குத்தான் சொல்கிறார். மாடுகள், மரங்கள், கற்கள். மனிதர்களுக்கு ‘அர்’ போதும். ஆனால் திருக்குறளிலேயே ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என்று இரண்டு இடத்தில் ‘அர்’ மேலேயே ‘கள்’ ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்கும் மரத்துக்கும் இருந்த விகுதிதான் இன்று மேடையில் “முதலமைச்சர் அவர்களே” என்று முழங்குகிறது.

அந்த ‘அவர்’ கதையும் இதேதான். முன்பு ‘அவர்’ என்றால் பலர். அது ஒருவருக்கான மரியாதையாக மாறியதும் பலருக்கு ‘அவர்கள்’ வந்தது. கொஞ்ச காலத்தில் அந்த ‘அவர்கள்’ளையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டோம். இது பணவீக்கம் மாதிரி, பழைய நோட்டுக்கு மதிப்புக் குறையக் குறையப் பெரிய நோட்டாக அடிக்க வேண்டியிருக்கிறது. ‘நீங்கள்’ போதவில்லை என்று தோன்றியவர்கள் ‘தாங்கள்’ என்றார்கள், அதற்கு முதல் பொருள் ‘தாங்களாகவே’ என்பதில் வருகிற அதே தாங்கள்தான்.

பழைய நோட்டும் எங்கேயாவது செல்லுபடி ஆகத்தான் செய்கிறது. சென்னையில் ‘நீர்’ என்றால் ராஜா நாடகம் என்று நினைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் போனால் “என்னவே, எங்க போறீரு?” என்பது நண்பர்கள் பேச்சு. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி, நடுப்படியில் இருக்கும் ‘நீர்’ சமமானவர்களுக்கு. கணவன் மனைவியை ‘நீர்’ என்று கூப்பிடுவது அங்கே சாதாரணம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக” என்று கடவுளிடமே இதைப் பேசுகிறார்கள்.

திருச்சி, மதுரைப் பக்கத்து ஆட்கள் இன்னொரு படி கண்டுபிடித்திருக்கிறார்கள். வந்தான் என்றால் மட்டம், வந்தார் என்றால் ரொம்ப அதிகம், அதனால் “அண்ணன் வந்தாப்ல”. கொங்கு நாட்டில் ‘ங்க’ எதிலும் ஒட்டும்: ஏனுங்க, ஆமாங்க, இல்லீங்க. ‘இல்லை’ என்பதற்கு ஏது பன்மை? அங்கே அது மரியாதை மட்டும்தான், எண்ணிக்கை எப்போதோ கழன்று போயிற்று.

இதுவரை இனிப்பான பகுதி. மரியாதைச் சொல் ஒன்று இருக்கிறது என்றாலே, அது கிடைக்காத ஆள் ஒருவரும் இருக்கிறார் என்று அர்த்தம். கிராமத்தில் நரைத்த தலையோடு வயலில் நிற்கும் தலித் பெரியவரை நிலக்காரரின் சின்னப் பையன் “வாடா, போடா” என்பான், பெரியவர் அந்தப் பையனுக்கு “சாமி” என்று பதில் சொல்ல வேண்டும். இது இலக்கணத்தில் எங்கேயும் எழுதியில்லை, ஆனால் மீறினால் அடி விழுந்தது.

அதனால்தான் சுயமரியாதை இயக்கம் கூப்பிடும் சொல்லிலேயே கை வைத்தது. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். 1932இல் பெரியார் ஐரோப்பா, சோவியத் பயணம் முடித்து வந்தபோது, ஸ்ரீ, திருவாளர் எல்லாம் வேண்டாம், எல்லோரையும் ‘தோழர்’ என்று கூப்பிடுங்கள் என்றார். அது இடதுசாரிக் கட்சிகளில் நன்றாக ஒட்டிக்கொண்டது, வெளியே அவ்வளவாக ஒட்டவில்லை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு அரசு வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தன.

என் குறை ஒன்று, திருமதி, செல்வி என்று பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா என்பதை விசாரிக்கிற சொல் ஆணுக்கு இல்லை. ஆணுக்கு ‘திரு’ ஒன்றே போதும். முதலில் சொன்ன அம்மா-அப்பா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். “அம்மாகிட்ட நெருக்கம் ஜாஸ்தி, அதனால நீ” என்று சமாதானம் சொல்வோம். ஆனால் குழந்தை காலையிலிருந்து ராத்திரி வரை என்ன கேட்கிறது? அப்பா அம்மாவை ‘நீ’ என்கிறார், அம்மா அப்பாவை “என்னங்க” என்கிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நீதிபதியைக் கூப்பிட பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ‘மை லார்ட்’ தேவையில்லை என்று வக்கீல்களின் அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2006இல் சொல்லிவிட்டது, நீதிமன்றங்களில் இன்னும் காதில் விழுகிறது. ‘சார்’ மட்டும் தரைக்கு இறங்கிவிட்டது. கலெக்டரும் சார், பஸ்ஸில் கால் மிதித்தவரும் “சார், பார்த்து சார்”.

[திரையில்: சாப்பிட்டாச்சா?]

இவ்வளவு படிகள் இருந்தால் எதில் நிற்பது என்று குழப்பம் வரத்தானே செய்யும்? அதற்கும் தமிழில் சந்து இருக்கிறது. “சாப்பிட்டாச்சா?”, “ஊருக்கு எப்போ?”, “உட்காரலாமே”. யார் என்பதே வாக்கியத்தில் இல்லை. ஏடிஎம் திரையில் வரும் ‘அழுத்தவும்’, ‘காத்திருக்கவும்’ எல்லாம் இதே ஜாதிதான், எதிரே நிற்பது பள்ளிக்கூடப் பையனா பாட்டியா என்று மெஷின் கவலைப்படத் தேவையில்லை.

அலுவலகத்தில் இது ரொம்பக் கைகொடுக்கும். மேலாளர் உங்களைவிட நாலு வயது சின்னவர் என்று வையுங்கள். ‘சார்’ நாக்கில் வராது, பேர் சொல்லத் தயக்கம், ‘நீ’ வாய்ப்பே இல்லை. “மீட்டிங் எத்தனை மணிக்கு?”, “ஃபைல் அனுப்பியாச்சா?” என்று பல மாதம் ஓட்டலாம். ஒருநாள் அவரே “ப்ரோ, ஒரு நிமிஷம்” என்று கூப்பிடுவார். மறுநாளிலிருந்து நீங்களும் ப்ரோதான்.