அப்பாவின் மேக்கில் ஆபிஸை ஆப் ஸ்டோருக்கு மாற்றுகிறேன்

வணக்கம். இன்றைக்கு மேசையில் இருப்பது என் மேக்புக் இல்லை, அப்பாவுடையது. இதில் இருக்கிற வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், அவுட்லுக், ஒன்நோட் ஐந்தையும் எடுத்துவிட்டு, அதே ஐந்தையும் ஆப் ஸ்டோரிலிருந்து திரும்பப் போடப் போகிறேன். அப்பா மதியத் தூக்கத்தில் இருக்கிறார். நாலு மணிக்கு எழுந்து குடியிருப்போர் சங்கக் கணக்கை எழுத உட்காருவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒரே மென்பொருள்தானே, எடுத்துவிட்டு ஏன் திரும்பப் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மேக்கில் ஆபிஸ் வந்து சேர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கிப் போடுவது. இன்னொன்று, ஆப் ஸ்டோர். மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரியிலேயே திறந்துவிட்டது, ஆனால் ஆபிஸ் அங்கே வர எட்டு வருடம் ஆனது. ஒன்நோட் மட்டும் 2014-இல் தனியாக வந்தது. வேர்ட், எக்செல் எல்லாம் வரப்போகிறது என்று 2018 ஜூனில் ஆப்பிள் தன் டெவலப்பர் மாநாட்டில் சொன்னது. வந்தது 2019 ஜனவரி 24. அதற்கு முன்பே மேக் வைத்திருந்தவர்களிடம் இருப்பது அநேகமாக முதல் வழியில் வந்த ஆபிஸ்தான். புது மேக் வாங்கும்போது பழையதிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே நகர்த்தியிருப்பார்கள், ஆபிஸும் கூடவே வந்திருக்கும். அப்பாவுடையதும் அப்படி வந்ததுதான்.

தளத்திலிருந்து வந்த ஆபிஸுக்கு ஆட்டோஅப்டேட் என்று தனியாக ஒரு செயலி உண்டு. புதுப் பதிப்பு வந்தால் அதுதான் சொல்லும். நமக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. அப்பாவுக்கு வயது 71. திரையில் எந்த ஜன்னல் எழுந்தாலும், "இது நிஜமா, மோசடியா?" என்று எனக்கு போன் செய்வார். அவர் கேட்பது சரியான கேள்வி. அப்டேட் செய்யச் சொல்லி வருகிற போலி ஜன்னல்கள் எத்தனையோ இருக்கின்றன. அவரிடம் எனக்கு ஒரே ஒரு விதி சொல்ல வேண்டும்: "ஆப் ஸ்டோருக்குள்ளே வருவதை மட்டும் அப்டேட் செய்யுங்கள், வேறு எது கேட்டாலும் மூடிவிடுங்கள்." ஆபிஸும் ஆப் ஸ்டோருக்குள் போனால்தான் அந்த விதியை நான் மனசாரச் சொல்ல முடியும்.

சரி, எதையும் அழிப்பதற்கு முன் ஒரு விஷயம் பார்த்தாக வேண்டும். வேர்டைத் திறக்கிறேன். மேலே மெனுவில் வேர்ட் என்பதை அழுத்தி, முதல் வரியான அபௌட் மைக்ரோசாஃப்ட் வேர்ட். இந்தச் சின்ன ஜன்னலில் லைசென்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். இங்கே மைக்ரோசாஃப்ட் 365 சப்ஸ்கிரிப்ஷன், அதாவது சந்தா என்று இருக்கிறது. அப்படியானால் தொடரலாம். ரீடெய்ல் லைசென்ஸ் என்றோ வால்யூம் லைசென்ஸ் என்றோ ஒரு வருடத்தோடு போட்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது. ஆப் ஸ்டோரில் இருக்கிற ஆபிஸ் சந்தாவுக்கு மட்டும்தான். என் நண்பர் ஒருவர் ஆபிஸ் 2021-ஐ முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர். இதைப் பார்க்காமல் மாற்றிவிட்டார். ஃபைல்கள் திறந்தன, படிக்க முடிந்தது, ஒரு எழுத்துகூடத் திருத்த முடியவில்லை. சந்தா கட்டு என்று கேட்டது. பழைய இன்ஸ்டாலரைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டார்.

இப்போது இந்த வீடியோவை எடுக்கக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை சின்ன அளவில் தையல் தொழில் செய்கிறாள். ஆர்டர்கள் மெயிலில்தான் வரும். முடிந்த ஆர்டர்களை அவுட்லுக்கில் 'ஆன் மை கம்ப்யூட்டர்' என்ற பகுதிக்கு நகர்த்தி வைப்பாள். அங்கே போன மெயில் சர்வரில் இருக்காது, அந்த மேக்கில் மட்டும்தான் இருக்கும். போன வருடம் இதே மாற்றத்தைத் தானே செய்துவிடலாம் என்று, ஆபிஸை எப்படி நீக்குவது என்று தேடி, கிடைத்த வழிமுறையை வரி பிசகாமல் செய்தாள். அது ஆபிஸை அடியோடு துடைத்து எடுப்பதற்கான வழிமுறை. அதில் லைப்ரரிக்குள் போய் சில ஃபோல்டர்களை அழிக்கச் சொல்லும். அழித்துவிட்டாள், ட்ராஷையும் காலி செய்துவிட்டாள். புது அவுட்லுக்கைத் திறந்தபோது சர்வரில் இருந்ததெல்லாம் வந்தது. இரண்டு வருட ஆர்டர்கள் மட்டும் வரவில்லை. டைம் மெஷின் பேக்கப் மூன்று வாரத்துக்கு முந்தையது இருந்ததால் பெரும்பாலானவை மீண்டன. அந்தக் கடைசி மூன்று வாரத்து அளவுகளை ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டு வாங்கினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது நான்தான். வழிமுறையில் தவறு இல்லை. அது வேறு வேலைக்கானது, அவ்வளவுதான்.

எந்த ஃபோல்டர் என்று காட்டுகிறேன். ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி, லைப்ரரிக்குப் போகிறேன். இது சாதாரணமாக மறைந்திருக்கும். உள்ளே குரூப் கண்டெய்னர்ஸ். அதற்குள் இதோ, யூபிஎஃப்8டி346ஜி9 டாட் ஆபிஸ். பார்த்தால் குப்பை மாதிரி ஒரு பெயர். யாருக்கும் அழிக்கத்தான் தோன்றும். அந்த எண்ணும் எழுத்தும் மைக்ரோசாஃப்டுக்கு ஆப்பிள் கொடுத்திருக்கிற டெவலப்பர் அடையாளம். இதற்குள் அவுட்லுக் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் புரொஃபைல், மெயில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே யூசர் கன்டென்ட். அதற்குள் டெம்ப்ளேட்ஸ், அதில் நார்மல் என்ற ஒரு ஃபைல். புது டாக்குமென்ட் திறந்தால் எந்த எழுத்துரு, என்ன அளவு என்பதை இதுதான் முடிவு செய்கிறது. அப்பா இணைமதி என்ற தமிழ் எழுத்துருவில் 16 அளவில் எழுதுவார், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவருக்குப் பிடித்த மாதிரி அமைத்துக் கொடுத்தேன். இணைமதி முத்து நெடுமாறன் வடிவமைத்தது, மேக்கோடேயே வருகிறது. அதனால் எழுத்துருவைப் பற்றிக் கவலை இல்லை. இந்த நார்மல் ஃபைலைப் பற்றித்தான் கவலை. இன்னும் கீழே ஸ்டார்ட்அப், எக்செல், பெர்சனல் என்று ஒரு ஃபைல். சங்கக் கணக்கில் தொகைகளுக்கு லட்சம், ஆயிரம் என்று நம் முறைப்படி காற்புள்ளி போடுகிற மேக்ரோ இதில் இருக்கிறது.

இது எதையும் நான் தொடப் போவதில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. ஆப் ஸ்டோரில் விற்கிற செயலிகள் சாண்ட்பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2012 ஜூனிலிருந்து விதி வைத்திருக்கிறது. அதாவது ஒவ்வொரு செயலிக்கும் ஒரு அறை, அந்த அறைக்குள் மட்டும் அது புழங்கலாம். ஆபிஸ் 2016 பதிப்பிலிருந்தே, தளத்திலிருந்து இறக்கினாலும் அந்த அறை முறைக்கு மாறிவிட்டது. தளத்து வேர்டுக்கும் ஆப் ஸ்டோர் வேர்டுக்கும் அடையாளப் பெயர் ஒன்றே. அதனால் புது வேர்ட் வந்ததும் பழைய அறையின் கதவையே திறக்கும். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இருந்தாலும் பேக்கப் இல்லாமல் நான் ஆரம்பிக்க மாட்டேன். காலையிலேயே ஹார்ட் டிஸ்க்கைச் செருகி டைம் மெஷின் ஓட விட்டுவிட்டேன். இப்போது ஐந்து செயலிகளையும் கமாண்ட், கியூ அழுத்தி முழுதாக மூடுகிறேன். சிவப்புப் புள்ளியை அழுத்தினால் ஜன்னல் மட்டும்தான் போகும், செயலி ஓடிக்கொண்டே இருக்கும். அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குப் போகிறேன்.

அழிப்பதற்கு முன் ஒன்று காட்டுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வேர்ட் மேல் ரைட் கிளிக், ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ், அதற்குள் கன்டென்ட்ஸ். என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஏஎஸ் ரெசிப்ட் என்று எதுவும் இல்லை, அல்லவா? முடிந்ததும் திரும்ப வந்து பார்ப்போம்.

ஐந்தையும் தேர்ந்தெடுத்து ட்ராஷுக்கு இழுக்கிறேன். பாஸ்வேர்ட் கேட்கிறது, கொடுத்துவிட்டேன். ஆப் ஸ்டோர் பழையதையே கண்டுபிடித்து 'ஓபன்' என்று காட்டிவிடாமல் இருக்க, ட்ராஷையும் காலி செய்கிறேன். கீழே டாக்கில் ஐகான்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறி வரும், பயப்பட வேண்டாம்.

இப்போது ஆப் ஸ்டோர். இடது பக்கம் கீழே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கைப் பெற்றோர் மேக்கில் போட்டு வைத்திருப்போம். ஆப் ஸ்டோரில் இறக்கிய செயலி, எந்தக் கணக்கில் இறக்கினோமோ அதோடு ஒட்டிக்கொள்ளும். என் கணக்கில் இறக்கினால் நாளைக்கு அப்டேட் என் பாஸ்வேர்டைக் கேட்கும், அப்பா மறுபடி போன் செய்வார். அதனால் அப்பாவின் கணக்கில்தான் நுழைந்திருக்கிறேன். வேர்டைத் தேடி, கெட் அழுத்துகிறேன். இறக்க இலவசம்தான். ஒவ்வொன்றும் கனமான செயலி, ஐந்தும் சேர்ந்து பல ஜிபி வரும். மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள்.

இறங்கிவிட்டது. வேர்டைத் திறந்ததும் சந்தா வாங்கச் சொல்லி ஒரு திரை வரலாம். ஏற்கெனவே சந்தா இருப்பவர்கள் அதை அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஆப்பிள் வழியாக இரண்டாவதாக ஒரு சந்தா தொடங்கிவிடும், மாதா மாதமோ வருடா வருடமோ இரண்டு இடத்தில் பணம் போகும். செயலியை நீக்கினாலும் அந்தச் சந்தா நிற்காது, ஆப்பிள் கணக்கில் போய்த்தான் நிறுத்த வேண்டும். அதே திரையில் சைன் இன் இருக்கிறது, அதுதான் நமக்கு. எங்கள் வீட்டில் ஃபேமிலி சந்தா, ஆறு பேர் வரை பயன்படுத்தலாம். அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கை அதில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறேன்.

புது டாக்குமென்ட் திறக்கிறேன். அஞ்சல் விசைப்பலகையில் 'வணக்கம்' என்று அடிக்கிறேன்… இணைமதி, 16, அதே வரி இடைவெளி. எக்செல்லைத் திறந்து ஒரு தொகையைப் போட்டு மேக்ரோவை ஓட்டுகிறேன். 1254300 என்று அடித்தது 12,54,300 ஆகிவிட்டது. அவுட்லுக்கில் 'ஆன் மை கம்ப்யூட்டர்' பகுதி… இருக்கிறது, சங்கக் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. தங்கை திரையில் காலியாக இருந்த இடம் இதுதான்.

அந்தச் சோதனைக்குத் திரும்புவோம். வேர்ட், ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ், கன்டென்ட்ஸ். இதோ, எம்ஏஎஸ் ரெசிப்ட். மேக் ஆப் ஸ்டோர் கொடுத்த ரசீது. இனி இதன் அப்டேட் ஆப் ஸ்டோர் வழியாகத்தான் வரும்.

ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதுவும் ஆப் ஸ்டோரில் இருக்கிறது, ஆனால் அதன் இரண்டு பதிப்புக்கும் அடையாளப் பெயர் வேறு வேறு. அறையும் வேறு என்பதால் அமைப்புகள் கூட வராது, முதலிலிருந்து சைன் இன் செய்து ஃபோல்டரை மறுபடி இணைக்க வேண்டும். மேலே ஏற வேண்டிய ஃபைல் ஒன்று பாதியில் நின்றிருந்தால் சிக்கல். அது தனியாக ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஆட்டோஅப்டேட் செயலி இன்னும் கணினியில் இருக்கிறது, ஆபிஸை எடுத்தால் அது தானாகப் போகாது. உங்கள் மேக்கில் டீம்ஸோ டிஃபெண்டரோ இருந்தால் அவற்றின் அப்டேட் அதன் வழியாக வரும், எடுக்காதீர்கள். அப்பாவுடையதில் இரண்டும் இல்லை, அதனால் எடுத்துவிடுகிறேன்.

அப்புறம், அலுவலகம் கொடுத்த மேக்காக இருந்தால் அங்கே கேட்காமல் மாற்ற வேண்டாம். பீட்டா பதிப்பு பயன்படுத்துகிறவர்களும் தளத்து ஆபிஸிலேயே இருங்கள், ஆப் ஸ்டோரில் பீட்டா கிடையாது. ஒரு அப்டேட் ஒத்துவரவில்லை என்று முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் ஆப் ஸ்டோரில் வழி இல்லை. பழைய பதிப்புக்கென்று எழுதிய ஆட்-இன்னை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் டாக் பாக்கி இருக்கிறது. கேள்விக்குறிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஐகான்களைப் பழைய வரிசையிலேயே வைக்கிறேன்: எக்செல் முதலில், பிறகு வேர்ட், கடைசியில் அவுட்லுக். அப்பா பெயரைப் படிக்க மாட்டார், இடத்தைப் பார்த்துத்தான் அழுத்துவார். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார் போலிருக்கிறது. சங்கக் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன்.