ஒரு குதிரைக்கு மட்டும் இருந்த இடம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"போர் முடிந்தபின் படை விலங்குகள் கைவிடப்பட்டதற்குக் காரணம் காலத்தின் கட்டாயமா, அரசுகளின் அலட்சியமா?" என்பது இன்று இம்மன்றத்தின் முன் உள்ள கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கட்டாயமே என்று வாதிட்டார். கடல் கடந்து போன விலங்கு திரும்பி வந்தால் தொற்றுநோயும் கூடவே வரும் என்றார். வீரர்களை ஊர் சேர்க்கவே கப்பல் போதாத நேரத்தில் குதிரைக்கு ஏது இடம் என்று கேட்டார். பாய்ந்து கடிக்கப் பழக்கிய நாயைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு யார் அனுப்புவார்கள், அந்நிலையில் நோவில்லாத சாவே கருணை என்று முடித்தார். அவர் கல்நெஞ்சத்தோடு பேசவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொரு தடையையும் அரசுகள் மனம் வைத்த இடத்தில் தாண்டியிருக்கின்றன. மனம் வைக்காத இடத்தில்தான் அவை தாண்ட முடியாத தடைகளாயின. அலட்சியமே என்னும் என் அணியின் வாதத்தை அந்த வேறுபாட்டின் மேல்தான் நிறுத்துகிறேன்.

முதலாம் உலகப் போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்ட 'வேலர்' இனக் குதிரைகள் 1,36,000. அந்தப் பெயரே இந்தியாவில் பிறந்ததுதான். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தமையால் இங்கிருந்த படையினர் இட்ட பெயர் அது. அந்தக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கிய துறைமுகங்களுள் நம் சென்னையும் ஒன்று. போருக்குச் சென்ற 1,36,000 குதிரைகளுள் தாயகம் திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சாண்டி. 1915 மே மாதம் கலிப்பொலியில் குண்டடி பட்டு இறந்த மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸின் குதிரை அது. 1917 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸ், அந்தக் குதிரையைத் தாயகம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். சாண்டி மூன்று மாதம் கால்நடை மருத்துவர்களின் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. நோயில்லை என்று உறுதியானதும் 1918 செப்டம்பரில் லிவர்பூலில் கப்பலேற்றப்பட்டு நவம்பரில் மெல்பர்ன் சேர்ந்தது. நடுவர் அவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். போர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கடலில் நீர்மூழ்கிகளின் அச்சம் நீங்கவில்லை. அப்போதும் ஒரு குதிரைக்குக் கப்பலில் இடம் இருந்தது. போர் ஓய்ந்தபோது ஆஸ்திரேலியப் படையிடம் மிஞ்சியிருந்த குதிரைகள் 13,000. தொற்றுநோய்த் தடுப்பு விதி என்று சொல்லி அவற்றுள் ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்படவில்லை. 11,000 குதிரைகள் விற்கப்பட்டன. பெரும்பாலானவை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு வந்தன. மற்றவை வயதானவை, உடல் தளர்ந்தவை என்று கழிக்கப்பட்டன. நோய்க்கு அஞ்சினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மூன்று மாதக் கண்காணிப்பு ஒரு தளபதியின் குதிரைக்குப் போதுமாயிருந்ததே, அந்த வழியை ஒரு நூறு குதிரைகளுக்கேனும் திறந்து பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இனி, கப்பல். 1919 தொடக்கத்தில் பிரிட்டிஷ் குதிரைகள் பல்லாயிரம் ஐரோப்பாவில் தேங்கிக் கிடந்தன. வாரத்துக்கு 12,000 குதிரைகளைத் தாயகம் கொண்டுவருவதாக உறுதியளித்திருந்த கப்பல் போக்குவரத்து அமைச்சகம், வாரத்துக்கு 3,000 குதிரைகளைக் கொண்டுவரவே திணறியது. அப்போது போர்த்துறை அமைச்சராயிருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். பிப்ரவரியில் அவர் அந்த அமைச்சகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதன்பின் எண்ணிக்கை வாரத்துக்கு 9,000 வரை உயர்ந்தது. அதே கடல், அதே குளிர்காலம். ஒரு கடிதம் போனதும் இடம் மும்மடங்கானது.

எதிரணி நண்பர் மிகவும் நம்பிப் பேசியது கருணை என்னும் சொல்லை. அதற்கு மறுமொழி சொல்ல நான் கெய்ரோவுக்குப் போக வேண்டும். 1930-இல் ஒரு பிரிட்டிஷ் படைத் தளபதியின் மனைவியாக அங்கே போய்ச் சேர்ந்த டோரதி புரூக், எகிப்தின் தெருக்களில் பார வண்டி இழுத்துக்கொண்டிருந்த எலும்பும் தோலுமான கிழட்டுக் குதிரைகளைப் பார்த்தார். அவற்றின் உடலில் பிரிட்டிஷ் படையின் அம்பு முத்திரை இருந்தது. 1918-இல் படை விற்றுவிட்டுப் போன குதிரைகள் அவை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்லும் மண்ணும் சுமந்து, கண் மங்கி, கால் வீங்கி நின்றன. அவற்றை வைத்திருந்தவர்களும் அன்றாடம் காய்ச்சிகளே; அந்த வண்டிதான் அவர்கள் குடும்பத்துக்குச் சோறு. ஆகவே டோரதி அவர்களைப் பழிக்கவில்லை, குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். 1931-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த மக்கள் பணம் அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் 5,000 குதிரைகளை மீட்டார்; 1934-இல் கெய்ரோவில் பழைய போர்க்குதிரைகளின் நினைவாக ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அந்தப் பணி இன்றும் அவர் பெயரால் பல நாடுகளில் தொடர்கிறது.

மீட்ட குதிரைகளுள் பெரும்பாலானவற்றுக்கு டோரதி புரூக்கும் மரணத்தைத்தான் கொடுத்தார். அவை அதற்குமேல் வாழ இயலாத நிலையில் இருந்தன. இதை எதிரணி தன் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில நாட்களேனும் வைக்கோல் பரப்பிய கொட்டிலில் கால் மடித்துப் படுக்க விட்டு, வயிறு நிறையத் தீனி வைத்து, அதன்பின் வலியில்லாமல் கண் மூடச் செய்தார் அவர். அதைக் கருணை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கருணையைக் காட்ட வேண்டிய கடமை யாருடையது? முத்திரை குத்தியவர்களுடையது. அவர்கள் ஏலத்தில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். வாங்கிய கடனை அடைக்கப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு பெண்மணி பொதுமக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது.

நாய்களைப் பற்றிய அச்சத்துக்கு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையே விடை சொல்லியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதனிடம் 559 நாய்கள் இருந்தன. குவாம் போன்ற தீவுகளில் எதிரியை மோப்பம் பிடித்து அலைந்த டாபர்மேன்களும் அவற்றுள் அடக்கம். மறுபயிற்சி கொடுத்து 540 நாய்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். உடல்நலக் குறைவால் கொல்லப்பட்டவை 15. திருத்தவே முடியாதவை என்று கொல்லப்பட்டவை நான்கே நான்கு. இந்தக் கணக்கு கையில் இருந்த நாடுதான் வியட்நாமுக்குச் சுமார் 4,000 நாய்களை அனுப்பியது. அங்கிருந்து திரும்பியவை சுமார் 200. எஞ்சியவற்றுள் களத்தில் மாண்டவை போக, மற்றவை தென் வியட்நாம் படையிடம் ஒப்படைக்கப்பட்டன அல்லது கொல்லப்பட்டன. தங்களைக் கண்ணிவெடியிலிருந்து காத்த நாயை அழைத்துவர முடியாமல் திரும்பிய வீரர்கள், முதுமையிலும் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

முப்பதே ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றம் ஏன் என்று நான் நெடுநேரம் யோசித்தேன், நடுவர் அவர்களே. முந்தைய போரில் நாய்களைப் பெரும்பாலும் குடும்பங்கள் தந்திருந்தன. எங்கள் நாய் எங்கே என்று கேட்க ஒரு வீடு இருந்தது. வியட்நாமுக்குப் போனவை அரசு பணம் கொடுத்து வாங்கியவை. பதிவேட்டில் அவை தளவாடம். போர் முடிந்ததும் உபரித் தளவாடம். கூடாரத்தையும் லாரியையும் விட்டுவிட்டு வந்த அதே ஆணையால் நாயையும் விட்டுவிட்டு வந்தார்கள். விலங்கின் முடிவு போரின் கடைசி நாளில் எழுதப்படவில்லை. அதைப் படையில் சேர்த்த அன்றே, எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று ஒருவர் முடிவு செய்தபோதே எழுதப்பட்டுவிட்டது. கொரியப் போரில் குண்டு சுமந்த 'ரெக்லெஸ்' என்னும் சிறிய பெண் குதிரையை இதே கடற்படைக் காலாட்படை தன் சார்ஜன்ட் என்று பதிவு செய்தது. 1954-இல் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, 1968-இல் அது இறக்கும்வரை படைமுகாமிலேயே வைத்துப் பேணியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பணி முடித்த இராணுவ நாய்கள் இங்கே கருணைக்கொலை செய்யப்பட்டு வந்தன என்பது 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனபின் அந்த நடைமுறை மாறியது. இப்போது ஓய்வுபெற்ற நாய்களை மீரட்டில் பராமரிக்கிறார்கள், மக்களுக்குத் தத்தும் கொடுக்கிறார்கள். மருந்தோ கப்பலோ புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் அப்படித்தான் சட்டம் வந்தது. ராபி என்னும் மூப்படைந்த படைநாயைத் தனக்குத் தருமாறு அதன் முன்னாள் கையாளுநர் கேட்டார். தர இயலாது என்றார்கள். அந்த மறுப்பு எழுப்பிய கேள்வியால், 2000 நவம்பரில், ஓய்வுபெறும் படைநாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற சட்டம் ராபியின் பெயராலேயே வழங்கலாயிற்று. 2001 ஜனவரியில் ராபி படைமுகாமிலேயே கொல்லப்பட்டது. கேட்டவர் வீட்டுக்கு அது போகவே இல்லை.

என் அணியின் வாதத்தை இத்துடன் நிறுத்தி, தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறேன். வணக்கம்.