கூடை பின்னுகிறவர் உட்காரும் இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லில் கைவினைப் பொருட்களுக்கென்று திறந்தவெளிச் சந்தை ஒன்றைத் திருத்தி அமைப்பதானால் எப்படி அமைக்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் வரைபடத்தில் முதலில் ஏறுவது நுழைவு வளைவுதான். அப்புறம் செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு மேடை, பத்துக்குப் பத்தடியில் ஷட்டர் போட்ட கடைகள் இரண்டு வரிசை. அருவி இருக்கிற ஊரில் நீரூற்று எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச காலம் போனால் அந்தக் கடைகளில் பிளாஸ்டிக் பொம்மையும் குளிர்பானமும் விற்கும். கூடை பின்னுகிறவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கொடுத்த கடையை ஏன் விட்டுவிட்டார் என்று அவர்மேல் குறை சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்தால் அவருக்கு வேலை ஓடாது, அவ்வளவுதான்.

மூங்கில் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். முழு மூங்கிலைத் தரையில் கிடத்தி, நீளவாக்கில் கத்தி போட்டுப் பிளக்க வேண்டும். பத்தடி அறைக்குள் மூங்கிலைத் திருப்பவே முடியாது. பிளாச்சு காய்ந்துவிட்டால் முறியும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும். கூடையின் அடிப்பாகத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் பின்னுவார்கள். நாற்காலி, மேசைக்கு அங்கே வேலை கிடையாது. ஒரு முறம் முடிவதற்குள் சுற்றிலும் சீவல் குவிந்துவிடும், அதைக் கூட்டிப் போட இடம் வேண்டும். பானை வனைகிறவருக்கு மண் குழைக்க ஒரு மூலை, ஈரப் பானை மெல்ல உலர நிழல். துணியில் ஊசி வேலை செய்கிறவருக்குக் கண்ணைக் கூசாத வெளிச்சம். இவ்வளவையும் அளந்த பிறகுதான் கடை எத்தனை அடி என்ற பேச்சே வர வேண்டும்.

வருகிறவர்களுக்கும் இதுதான் வேண்டும் என்பது என் எண்ணம். அடுக்கி வைத்த பொருளைப் பார்த்துக்கொண்டே நடந்துபோகிறவர்கள், ஒரு கை வேலை செய்வதைப் பார்த்தால் நின்றுவிடுகிறார்கள். ஒகேனக்கல் வருகிற பெரும்பாலோர் பரிசலில் ஏறிப் போகிறார்கள். அந்தப் பரிசல் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்டமாக வளைத்து, விளிம்பு கட்டிக் கவிழ்த்துப் போடுவார்கள். முன்பு மேலே தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். சந்தையின் நடுவில் நீரூற்றுக்கு ஒதுக்குகிற இடத்தைப் பரிசல் கட்டுகிறவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அதே ஆள் அதே பின்னலில் கையடக்கப் பரிசல் செய்து பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கட்டுமானத்துக்கு நம் வீட்டுத் திண்ணையே போதும். ஒன்றரை அடி உயரம், ஆறடி அகலம், நீளத்துக்குத் தொடர்ச்சியாக, நடுவில் சுவர் இல்லாமல். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவரின் கை, நிற்கிறவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும், அதிகம் குனியாமலே பார்க்கலாம். கால் வலித்தால் விளிம்பில் உட்காரலாம், உட்கார்ந்தால் பேச்சு நடக்கும், பேச்சு நடந்தால் வியாபாரமும் நடக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வேலிக்கே கல்லை நட்டு வைத்திருக்கிற ஊர் நம்முடையது. தூணுக்கும் திண்ணைக்கும் அந்தக் கல், மேலே நாட்டு ஓடு. தகரக் கூரை மட்டும் வேண்டாம், சித்திரை வெயிலில் அதன் கீழே மதியம் யாரும் உட்கார மாட்டார்கள். வரிசை கிழக்கு மேற்காக நீண்டு, திறப்பு வடக்கு பார்த்து இருந்தால் சாய்கிற வெயில் முகத்தில் அடிக்காது.

அடுத்தது பாதை. பேருந்தை விட்டு இறங்கியவர்கள் நேராக அருவிக்குத்தான் போவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர் கையில் பானையை வாங்கிக்கொண்டு போவாரா? திரும்பி வரும்போதுதான், வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு நிதானமாக நிற்பார்கள். ஆகவே சந்தை திரும்பும் வழியில் இருக்க வேண்டும். வாங்கியதை வைக்கோலும் பழைய செய்தித்தாளும் வைத்துக் கட்டிக் கொடுக்க ஒரு மேசை வேண்டும். பெங்களூர் போய்ச் சேரும்வரை பானை உடையாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெரிய பானை விலை போகும்.

இன்னொரு சிக்கல், காவிரி. மாநில எல்லையில் ஆற்று நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியது என்று செய்தி வந்தால் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, கூட்டமும் இல்லை. கர்நாடகத்தில் மழை வலுக்கிற ஆடியில்தான் இது அதிகம் நடக்கிறது, பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே திரளுகிற மாதமும் அதுதான். ஆற்றுப் படுகையை ஒட்டிக் கடை போட்டால் சரக்கும் போகும். மேட்டில் போட வேண்டும். தடைக்காலத்தில் வருமானம் நிற்காமல் இருக்க, பென்னாகரம், தருமபுரி பேருந்து நிலையங்களில் சிறியதாக ஒரு விற்பனை இடம் சேர்ந்தே யோசிக்கப்பட வேண்டும்.

யாருக்கு இடம் என்பதில்தான் சண்டை வரும். மாவட்டத்தின் மறுகோடியில், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், லம்பாடிப் பெண்கள் மறந்துபோகவிருந்த தங்கள் ஊசி வேலையை மீட்டு, போர்கை என்ற பெயரில் அமைப்பாகச் சேர்ந்து செய்கிறார்கள். அவர்களுக்கு இங்கே நிரந்தரக் கடை கொடுத்துப் பயன் இல்லை. டெல்லியில் 1994-இல் தொடங்கிய தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தையில் கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் முறைவைத்து இடம் தருகிறார்கள். யோசனை நல்லது, ஆனால் ஆடு மாடும் பிள்ளைகளும் உள்ள பெண் பதினைந்து நாள் வீட்டை விட்டு வர முடியாது. சனி, ஞாயிறு மட்டும் முறை வைக்கலாம். இரவு சரக்கைப் பூட்டி வைக்க அறை, தங்க ஓர் இடம், பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை. கழிப்பறை இல்லாவிட்டால் மற்ற எதையும் கட்டவே வேண்டாம்.

பொம்மை விற்கிறவர்களைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கையால் செய்து விற்கிறவர்களுக்குத் திண்ணை, வாங்கி விற்கிறவர்களுக்கு எதிர் வரிசை என்று பிரித்தால் போதும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரங்களை மனதில் வைத்துப் போட்டது. அதன்படி அமைகிற குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊராட்சிக்கும் அந்த முறையைக் கடன் வாங்கிக்கொள்ளத் தடையில்லை.

சிமெண்ட் வாங்குவதற்கு முன் ஒரு சுற்று சோதித்துப் பார்க்கலாம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேலே தென்னங்கீற்றுப் பந்தல், திண்ணைக்குப் பதிலாக மண் அடைத்த மூட்டையும் பலகையும். ஆடியிலிருந்து பொங்கல்வரை அப்படியே நடக்கட்டும். வெள்ளத் தடை, ஐப்பசி மழை, விடுமுறைக் கூட்டம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். எந்த இடத்தில் கோடு தப்பு என்று மூங்கில் பிளக்கிறவரே சொல்லுவார். மாற்றிய கோடுகளை அளந்து பொறியாளரிடம் கொடுத்தால் தை மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்.

வணக்கம்.